பையன் வரமாட்டேன் என்றால் அம்மா அப்பா வரட்டும்: ஊர் அளவில் குடும்பப் பயிற்சிக் குழு நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

"அவனைக் கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்." போதை, கெட்ட சகவாசம் என்று பிள்ளையைப் பற்றிய கவலையோடு எங்கே போனாலும் பெற்றோருக்குக் கிடைக்கிற முதல் பதில் இதுதான். ஆஸ்பத்திரியிலும் இதைத்தான் சொல்வார்கள், பள்ளிக்கூடத்திலும் இதைத்தான் சொல்வார்கள். அவனோ வரமாட்டான். 17 வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? அப்பா நாலு அறை வைப்பார், அம்மா அழுவார், அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். விஷயம் அங்கேயே நின்றுவிடும்.

இதைத் திருப்பிப் போட்ட ஒரு முறை இருக்கிறது. பையன் வரும்வரை காத்திருக்காமல், கூடவே வாழ்கிறவர்களுக்கு முதலில் பயிற்சி கொடுப்பது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளர் தன் சகாக்களோடு இதை வளர்த்தெடுத்தார். Community Reinforcement and Family Training என்ற ஆங்கிலப் பெயரை 'கிராஃப்ட்' (CRAFT) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1973-ல் ஜார்ஜ் ஹன்ட்டும் நேதன் அஸ்ரினும் குடிநோயாளிகளுக்காக உருவாக்கிய ஒரு சிகிச்சை முறைதான் அதற்கு வேர். சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடித்த குடிநோயாளிகளின் குடும்பங்களை மூன்றாகப் பிரித்துச் செய்த ஆய்வு 1999-ல் வெளியானது. கிராஃப்ட் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதம் பேர் அந்த ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். குடும்பமே கூடி உட்கார்ந்து ஆளை மடக்கிக் கேட்கும் முறையில் அது 30 சதவீதம். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கான அல்-அனான் என்ற சுயஉதவிக் குழுவின் வழியில் போனவர்களிடம் 13 சதவீதம். அல்-அனானின் நோக்கமே வேறு, குடும்பத்தினர் தங்கள் நிம்மதியைத் தேடிக்கொள்வதுதான், அதனால் அந்த எண்ணை வைத்து அதைக் குறை சொல்லக்கூடாது. பிற்பாடு வளரிளம் பிள்ளைகளின் பெற்றோருக்கும் கிராஃப்ட் சொல்லித்தரப்பட்டது.

இதில் எதற்கும் பெரிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டாம். ஓர் அறை, ஒரு நோட்டு, பொறுமையான இரண்டு பேர் போதும். தமிழ்நாட்டில் ஒரு சின்ன ஊரிலோ நகரத்து ஏரியாவிலோ இதை எப்படி நடத்தலாம் என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். கஞ்சா, சரக்கு, கூலிப் (உதட்டில் அதக்கும் புகையிலை), வலி மாத்திரை, ஆன்லைன் சூதாட்டம், பள்ளியை விட்டு நிற்பது, அடிதடிக் கூட்டாளிகள் என்று எந்தப் பக்கத்திலிருந்து பிரச்சினை வந்தாலும் வீட்டுக்குள் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் ஒன்றுதான்.

படி 1: எது குழுவின் வேலை இல்லை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆர்வத்தில் எல்லோரும் தாண்டிப்போகிற இடம் இது, அதனால்தான் முதலில் வைக்கிறேன். குழு நடத்துகிறவர் டாக்டர் இல்லை. கீழே உள்ளவை வந்தால் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

தினமும் குடிக்கிறவன் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, ஆள் இடம் தெரியாத குழப்பம் எல்லாம் வரும். "ரூமுல போட்டுப் பூட்டினா தெளிஞ்சிடுவான்" என்பது உயிருக்கே உலை வைக்கிற யோசனை. வலி மாத்திரையைப் போதைக்காக எடுத்த பிள்ளையைத் தட்டி எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாக வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றக்கூடாது. யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் பிள்ளைக்கு மனநல மருத்துவர் தேவை. கஞ்சா அதிகமாகப் புகைக்கிறவர்களிடம் இது வரும் வாய்ப்பு கூடுதல், சீக்கிரம் பார்த்தால் பலன் அதிகம். சாகப்போகிறேன் என்ற பேச்சைப் பற்றித் தனியாகப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

குழு நடக்கிற அறைச் சுவரில் நான்கு எண்களைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஆம்புலன்ஸ் 108. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை, தமிழிலேயே பேசலாம். போதை மீட்பு உதவிக்கு 14446. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு எந்த ஆபத்து என்றாலும் 1098.

படி 2: இடம், ஆட்கள், பேர்

நடத்துவதற்கு இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், கிராம சுகாதார செவிலியர், மகளிர் குழுப் பொறுப்பாளர், சமூகப்பணி படித்தவர் என்று யாராக இருந்தாலும் சரி. ஊரில் அதிகம் பேசுகிறவரை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். கேட்டதை வெளியே சொல்லாதவர் என்று ஊருக்கே தெரிந்த ஆள் ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார், அவர்தான் வேண்டும்.

இவர்களுக்கு மேலே ஒரு நிபுணர் பின்புலம் கட்டாயம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத்தில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப்பணியாளர் கொண்ட குழு உண்டு. அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரித்தால் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அவர்கள் எந்தக் கிழமை வருகிறார்கள் என்று சொல்வார்கள். தொடங்குவதற்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள். கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தால் வருஷம் ஓடிவிடும்.

ஊரைச் சேர்த்துக்கொண்டு செய்வது இங்கே புதிதும் இல்லை. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிநோய்ச் சிகிச்சையில் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டது. அதோடு நிற்காமல் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஊர்க்காரர்களின் ஒத்துழைப்போடு கிராமத்திலேயே முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்தது.

இடம்: கோயில் மண்டபம், கட்சி ஆபீஸ், பஞ்சாயத்து அலுவலகத் திண்ணை மூன்றும் வேண்டாம். யார் உள்ளே போகிறார்கள் என்று தெருவே பார்க்கும். அங்கன்வாடி மையம், நூலகம், விடுமுறை நாளில் பள்ளி வகுப்பறை நல்லது. பேர் வைக்கும்போது 'போதை' என்ற சொல்லே இருக்கக்கூடாது. 'பெற்றோர் கூட்டம்' போதும். பேனர் கட்டி, கவுன்சிலரைக் கூப்பிட்டுக் குத்துவிளக்கு ஏற்றினால் முதல் வாரம் கூட்டம் நிறையும், இரண்டாம் வாரம் சம்பந்தப்பட்ட ஒருவர்கூட வரமாட்டார்.

எட்டிலிருந்து பத்துக் குடும்பம் போதும். வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், மூன்று மாதம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிவு தெரியாத கூட்டத்துக்குக் கூலி வேலை செய்கிறவர்கள் வரமாட்டார்கள்.

அம்மாக்கள் வருவார்கள். அப்பாக்களை வரவைப்பதுதான் பாடு. "உங்க மனைவியை அனுப்புங்க" என்று கேட்டால் அவர் தப்பித்துவிடுவார். "உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும், அரை மணி நேரம் வந்துட்டுப் போங்க அண்ணே" என்று அப்பாவிடமே ஒரு ஆண் நேரில் போய்க் கேட்டால் வருகிறவர்கள் உண்டு. வராவிட்டாலும் பரவாயில்லை. ஒருவர் மாறினாலும் வீட்டின் நடப்பு மாறும். சில வீடுகளில் தாத்தாவோ பாட்டியோ அக்காவோதான் பையனுக்கு நெருக்கம், அவர்களையும் கூப்பிடுங்கள்.

வாட்ஸாப் குழு தொடங்காதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள். யார் பிள்ளை என்ன செய்தான் என்பது அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் கிடையாது. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லி, எல்லோரையும் ஒப்புக்கொள்ள வையுங்கள்.

படி 3: நோட்டுப் போடுங்கள்

முதல் இரண்டு வாரம் அறிவுரையே கிடையாது. எழுதுவது மட்டும்தான் வேலை. எழுதத் தெரியாதவர்கள் வந்து வாயால் சொல்லட்டும், நடத்துகிறவர் எழுதிக்கொள்ளலாம்.

எழுத வேண்டியவை: என்றைக்கு, எத்தனை மணிக்கு, யாரோடு போதை எடுத்தான். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வீட்டில் என்ன நடந்தது. அவனுக்கு அதில் என்ன கிடைத்தது. அப்புறம் என்ன கெட்டது. இதே அளவு முக்கியமாக இன்னொரு பக்கம்: எந்த நாளில் அவன் எடுக்கவில்லை, அன்றைக்கு என்ன நடந்தது.

இரண்டாவது பக்கத்தைக் கேட்டவுடன் "அவன் எப்பவும் அப்படித்தான்" என்பார்கள். எழுத ஆரம்பித்தால் அப்படி இருக்காது. ஒரு உதாரணம் சொல்கிறேன். பாலிடெக்னிக் படிக்கிற பையன். அம்மாவின் நோட்டில் சனிக்கிழமை ராத்திரி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. சனிக்கிழமைதான் அப்பாவுக்குச் சம்பளம். அவர் நாலு வார்த்தை அதிகம் பேசுகிற நாளும் அதுதான். "உன் வயசுல நான் குடும்பத்தையே தூக்கினேன்" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தொடங்கும். பையன் பாதியில் எழுந்து போவான், ராத்திரி ஒரு மணிக்குக் கண் சிவந்து வருவான். அதே நோட்டில் ஞாயிற்றுக்கிழமைகள் சுத்தமாக இருக்கின்றன. மாமாவின் டூவீலர் ஷெட்டில் கார்பரேட்டர் கழற்றிக்கொண்டிருக்கிறான், மத்தியானம் அங்கேயே சாப்பிடுகிறான்.

அப்பாதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல இந்த நோட்டு இல்லை. கூட்டத்தில் யாராவது அந்தத் தீர்ப்பைத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அந்த அப்பா மறுபடி வரமாட்டார். எதை மாற்றிப் பார்க்கலாம் என்று காட்டத்தான் நோட்டு. இந்த வீட்டில் சனிக்கிழமைச் சாப்பாட்டை அப்பா வருவதற்கு முன்னாலேயே போட்டுவிடலாம், சனிக்கிழமை சாயங்காலமும் மாமாவின் ஷெட்டுக்கு அனுப்பலாம்.

படி 4: பேசிப் பழகுங்கள்

மூன்று மாதத்தில் அதிக நேரம் இதற்குத்தான் போக வேண்டும். கேட்கும்போது எளிதாக இருக்கும். வாயில் வராது.

பழக்கும் விதம் இப்படி. ஒரு அம்மா எழுந்து நின்று நேற்று மகனிடம் சொன்னதை அப்படியே சொல்வார்: "எங்கடா போய்த் தொலைஞ்ச? உன்னாலதான் எனக்கு பிரஷரே வந்துச்சு. எதிர் வீட்டு கார்த்தியைப் பாரு, கேம்பஸ்ல வேலையே வாங்கிட்டான்." இன்னொருவர் மகனாக நின்று அதைக் கேட்பார். கேட்டவரிடம் "இப்ப என்ன தோணுது?" என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில், "வெளிய போயிடலாம்னு தோணுது."

அடுத்து அதே விஷயத்தைத் திருத்த வேண்டும். சின்னதாக இருக்கட்டும். ஒரு விஷயம் மட்டும். உன்னால் என்று தொடங்காமல் எனக்கு என்று தொடங்கட்டும். அவன் பக்கத்தில் நியாயம் இருந்தால் அதையும் ஒரு வார்த்தை ஒப்புக்கொள்ளட்டும். கடைசியில் ஒரு கை கொடுக்கட்டும். முதல் தடவை அந்த அம்மா திருத்தியது: "ராத்திரி ரொம்ப நேரம் ஆயிடுச்சுப்பா, இப்படியெல்லாம் வந்தா நல்லாவா இருக்கு?" இது இன்னும் கேள்வி கேட்டு மடக்குவதுதான். நாலைந்து தடவை மாற்றிய பிறகு வந்து சேர்ந்தது இது: "நேத்து ஒரு மணி வரைக்கும் முழிச்சிருந்தேன் கண்ணு, பயமா இருந்துச்சு. அப்பா பேசினது உனக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும். இன்னிக்கு லேட் ஆகும்னா ஒரு போன் மட்டும் பண்ணிடு, நான் அப்பாகிட்ட சொல்லிக்கிறேன்."

மகனாக நின்றவர் இந்தத் தடவை சட்டென்று பதில் சொல்லமாட்டார், தலையை ஆட்டுவார். குழுவில் எல்லோரும் அதைக் கண்ணால் பார்ப்பார்கள். எந்தப் பாடப்புத்தகமும் இந்த வேலையைச் செய்யாது.

நேரமும் முக்கியம். போதையில் இருக்கும்போது ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். மறுநாள் காலை எழுந்த உடனேயும் வேண்டாம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, துணி மடிக்கும்போது, முகத்தை முகம் பார்க்காத நேரங்களில் பையன்கள் கொஞ்சம் அதிகம் பேசுகிறார்கள். மற்ற பிள்ளையோடு ஒப்பிடுவதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். நம் வீடுகளில் பேச்சைக் கெடுப்பதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை.

படி 5: நல்ல நேரத்தைக் கவனியுங்கள், கெட்ட நேரத்தில் சத்தமில்லாமல் விலகுங்கள்

நம் வழக்கம் நேர் எதிர். பையன் தெளிவாக வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். போதையில் வந்தால் மொத்த வீடும் அவனைச் சுற்றி நிற்கும். கிராஃப்ட் இதை மாற்றச் சொல்கிறது. எடுக்காமல் வந்த சாயங்காலம் பிடித்த குழம்பு, சேர்ந்து ஒரு மேட்ச் பார்ப்பது, வண்டிச் சாவி. எடுத்துவிட்டு வந்தால் சாப்பாடு மூடி வைத்திருக்கும், கதவு திறந்திருக்கும், ஆனால் பேச்சும் டிவியும் மேட்சும் கிடையாது. "நீ இப்படி இருக்கிறப்ப என்னால உட்கார முடியல, காலைல பேசலாம்" என்று ஒரே வரி சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விடலாம். குத்தல் வேண்டாம்.

"இது லஞ்சம் கொடுக்கிற மாதிரி இல்லையா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார், பெரும்பாலும் ஓர் அப்பா. தவறு செய்யக் கொடுப்பதுதான் லஞ்சம். இங்கே சரியாக இருந்ததற்குத் தருகிறோம், அவ்வளவுதான். பணமாக மட்டும் தராதீர்கள். பெரிய வாக்குறுதியும் வேண்டாம். 'மூணு மாசம் தொடலைன்னா பைக்' என்றால் மூன்றாவது நாளே முடிந்துவிடும். அன்றைக்கு நடந்ததற்கு அன்றைக்கே, சின்னதாக.

படி 6: மூடி மறைப்பதை நிறுத்துவது

கல்லூரிக்குப் போன் செய்து "காய்ச்சல் சார்" என்பது, கூட்டாளியிடம் வாங்கிய கடனை நகையை அடகு வைத்து அடைப்பது, உடைத்த செல்போனுக்குப் பதில் புதிது வாங்கித்தருவது. இவை பாசத்தில் செய்வதுதான். ஆனால் அவன் செய்ததன் வலி அவனுக்குப் போகாமல் அம்மாவுக்கு மட்டும் போகிறது. ஒவ்வொரு குடும்பமும் இதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து நிறுத்தட்டும், அதையும் முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிட்டு.

இதற்கு எல்லை உண்டு. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்துவது பாடமாகாது. அவன் போய்ச் சேருகிற இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும். உயிருக்கு ஆபத்தான எதையும் 'பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்' என்று விடக்கூடாது.

ஊரில் உலாவுகிற சில வைத்தியங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோயிலில் கயிறு கட்டுவது, வேண்டுதல், மாலை போடுவது எல்லாம் குடும்பத்துக்குத் தெம்பு தந்தால் தாராளமாகச் செய்யட்டும், அதோடு சேர்த்து சிகிச்சையும் இருந்தால் போதும். ஆனால் இரண்டை நேராகவே எதிர்க்க வேண்டும். முதலாவது, 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விற்கிற பொடியும் மாத்திரையும். அதில் இருக்கக்கூடிய டைசல்ஃபிரம் என்ற குடிநிறுத்த மருந்து உடம்பில் இருக்கும்போது சரக்குக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிர்கூடப் போகலாம். டாக்டர் கண்காணிப்பில், நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு மட்டுமே கொடுக்கிற மருந்து அது. இரண்டாவது, "ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடுவான்". ஒரு வீட்டுப் பிரச்சினையில் இன்னொரு வீட்டுப் பெண்ணைத் தள்ளிவிடுவது அது. குழுவில் யாராவது இதை எடுத்தால் நான் விவாதமே செய்வதில்லை, கூடாது என்று சொல்லிவிடுவேன்.

படி 7: வீட்டைப் பாதுகாப்பாக்குவது

அடி விழுகிற வீட்டில் மேலே சொன்ன எதையும் தொடங்கக்கூடாது, முதலில் பாதுகாப்புத் திட்டம். கோபம் ஏறுவதற்கு முன் வரும் அறிகுறி என்ன, அப்போது யார் வீட்டுக்குப் போவது, தங்கச்சியை யார் கூட்டிப்போவது, போன் யார் கையில் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே முடிவு செய்துவைக்க வேண்டும்.

சாகப்போகிறேன் என்று சொல்கிற பிள்ளை 'சும்மா மிரட்டுறான்' என்று நினைக்காதீர்கள். நேராகக் கேட்கலாம்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?" கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி வருவதில்லை. கேட்கிற ஆள் கிடைத்தார் என்ற ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், 14416-ஐ அழையுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூச்சிமருந்து, எலி பேஸ்ட், சாணிப்பவுடர் (வாசல் தெளிக்கிற விஷச் சாயப்பொடி) மூன்றும் வீட்டில் இருக்கவே கூடாது. பூச்சிமருந்து விவசாயத்துக்குத் தேவையென்றால் வீட்டுக்கு வெளியே, வேறொருவர் பொறுப்பில், பூட்டில் இருக்க வேண்டும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இதை ஊர் அளவிலேயே செய்து பார்த்தார்கள். 1986-ல் சென்னையில் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், கிராமத்துக்குப் பொதுவான ஒரு பூச்சிமருந்துக் கிடங்கு கட்டி, ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். அந்த ஊர்களில் பூச்சிமருந்தால் நடந்த தற்கொலைகள் குறைந்தன. உங்கள் குழு ஊருக்குச் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுவாகவே இருக்கலாம். எதையாவது விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் உடனே 108. எலி பேஸ்ட் விஷயத்தில் முதல் நாள் நன்றாக இருப்பதை நம்பவே கூடாது.

தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் வருமே என்று ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாத குடும்பங்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தயங்காமல் கொண்டுபோங்கள்.

படி 8: சிகிச்சைக்குக் கூப்பிடுவது

ஐந்தாறு வாரம் மேலே சொன்னது நடந்தால் வீட்டில் சத்தம் குறைந்திருக்கும். அப்போதுதான் கூப்பிட வேண்டும். அதற்கு முன்னால் கூப்பிட்டால் வழக்கமான "நான் என்ன பைத்தியமா?" வந்துவிடும்.

வாய்ப்பான நேரங்கள் வரும், கவனித்துக்கொண்டே இருங்கள். விபத்தில் தப்பித்த மறுநாள், கூட்டாளி ஒருவன் மாட்டிக்கொண்ட செய்தி, அரியர் விழுந்த நாள், அல்லது "அம்மா, உன்கிட்ட இப்ப ஏதோ மாற்றம் இருக்கே" என்று அவனே கேட்கிற நேரம். கடைசியாகச் சொன்னதுதான் இருப்பதிலேயே நல்ல சந்தர்ப்பம். "நான் ஒரு இடத்துக்குப் போயிட்டிருக்கேன்பா, எனக்கு உதவியா இருக்கு. அங்க ஒருத்தர் இருக்கார், ஒரே ஒரு தடவை வந்து பாரு, பிடிக்கலைன்னா வந்துடலாம்" என்று சொல்லலாம். 'ஒரு தடவை' என்றால் நிஜமாகவே ஒரு தடவைதான். திரும்பி வந்துவிட்டால் கோபப்படக்கூடாது. பல பேர் இரண்டாவது, மூன்றாவது அழைப்பில்தான் வருகிறார்கள்.

அவன் "சரி" என்று சொன்ன பிறகு முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், எப்படியும் 48 மணி நேரம் தாண்டாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். அடுத்த மாதம் தேதி என்றால் அந்தச் சரி ஆறிப்போய்விடும். படி 2-ல் மருத்துவக் குழுவை நேரில் பார்த்துவிட்டு வரச் சொன்னது இதற்காகத்தான். எந்த ஓ.பி., என்ன கிழமை, யாரைக் கேட்பது என்ற விவரம் குடும்பத்தின் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

பையன்களின் பெரிய பயம் போலீஸ். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. தான் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போகும். விற்கிற கேஸுக்கு இது பொருந்தாது. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு மதுவோ போதையோ கொடுத்த ஆளுக்கு சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-ன்படி 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளையை எந்தப் பள்ளியும் வெளியேற்ற முடியாது, கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 16. டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள் என்கிற தலைமை ஆசிரியரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்ல குழுவிலிருந்து ஒருவர் கூடப் போகலாம்.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 'அடிச்சாத்தான் திருந்துவான்' என்று நம்புகிற மையங்கள் இருக்கின்றன, உயிர்கள் போயிருக்கின்றன. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று எங்கே என்று கேளுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், முதல் வாரத்திலேயே பிள்ளையைப் பார்க்கவும் போனில் பேசவும் விடுவீர்களா, கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 'மூன்று மாதம் பார்க்க வராதீர்கள்' என்று சொல்கிற இடத்திலிருந்து அப்படியே திரும்பிவிடுங்கள். ராத்திரியில் நாலு பேரை அனுப்பி வண்டியில் தூக்கிப்போகும் இடமும் வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, பெற்றோரோ பாதுகாவலரோ அவர்கள் ஏற்பாடு செய்த ஒருவரோ கூடவே தங்க வேண்டும் என்று மனநலச் சட்டமே சொல்கிறது. இதற்கு ஒத்துக்கொள்ளாத மையம் உங்கள் பிள்ளைக்கு உரிய இடம் இல்லை.

படி 9: அம்மாவுக்கு ஒரு சாயங்காலம்

பிள்ளை விஷயம் வந்ததிலிருந்து கல்யாணம் காதுகுத்துக்குக்கூடப் போகாமல், அக்கம்பக்கத்தில் முகம் கொடுக்காமல் இருக்கிற பெண்கள் குழுவில் பாதிப்பேர். ஒவ்வொரு வாரமும் தனக்கென்று செய்த ஒரு காரியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பூக்கட்டப் போனது, தம்பி வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கியது, நிறுத்தி வைத்திருந்த சுகர் மாத்திரையை மறுபடி தொடங்கியது. கிராஃப்டில் இது தனிப் பாடமாகவே இருக்கிறது. பையன் கடைசிவரை சிகிச்சைக்கு வராமலே போனாலும் பயிற்சி பெற்ற குடும்பத்தினரின் மனச்சோர்வும் கோபமும் குறைந்ததை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

படி 10: அவன் வந்த பிறகும் கூட்டம் தொடரட்டும்

சிகிச்சை தொடங்கியதும் குடும்பங்கள் நின்றுவிடும். விடாதீர்கள். மறுபடி ஒரு தடவை எடுப்பான், அது பெரும்பாலும் நடக்கும். அன்றைக்கு "எல்லாம் வீண்" என்று பழைய பேச்சுக்குத் திரும்புகிற வீட்டில் பையன் சிகிச்சையையும் சேர்த்து விட்டுவிடுவான். மறுபடி நோட்டை எடுங்கள், அந்த ஒரு நாளை மட்டும் எழுதுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

பழைய கூட்டாளிகளை விட்டவனுக்குச் சாயங்காலம் ஐந்து முதல் ஒன்பது மணி வரை என்ன வேலை என்பதுதான் இந்தக் கட்டத்தில் பெரிய கேள்வி. ஐ.டி.ஐ. சேர்க்கை, ஷெட் வேலை, கபடிப் பயிற்சி, நூலகம் என்று எதுவாக இருந்தாலும் அவனே தேர்ந்தெடுக்கட்டும். குழுவில் பத்துக் குடும்பம் என்றால் பத்து வேலைத் தொடர்பும் இருக்கும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தொடங்க நினைக்கிறவர்கள் இந்த வாரமே மூன்று வேலை செய்யலாம். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு நேரில் போய் ஓ.பி. கிழமையை எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் பேசுங்கள், எந்த வீட்டுக்கு உதவி தேவை என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் பேரைக் கேட்காமல் "இப்படி ஒரு கூட்டம் இருக்குன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க" என்று விட்டுவிடுங்கள். அங்கன்வாடி அறைச் சாவி யாரிடம் என்று விசாரியுங்கள். முதல் கூட்டத்துக்கு இரண்டு அம்மாக்கள் மட்டும் வந்தாலும் ஒத்திப்போடாமல் நடத்துங்கள்.